கடைசி சைபர்

மணலி சாலையோரம், இரவு இரண்டேகால்.
அறுபது டன் தாங்கும் எடைமேடைக்கு
ஆப்பரேட்டர் நான்.
லாரி ஏறும். இரும்புப் பலகை ஒருமுறை முனகும்.
சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து ஓரிடத்தில் அடங்கும்.
24,360 என்று சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
சுல்தான் அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றாத குறையாகச்
சட்டைப்பையில் வைப்பார்.

"அந்தக் கடைசி சைபரை நம்பாதீங்கண்ணே,
இதுக்கு இருபது இருபதாத்தான் பேசத் தெரியும்.
24,351ம் ஒண்ணுதான், 24,369ம் ஒண்ணுதான்,
ரெண்டையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடும்."
"அப்போ நடுவுல இருக்கிறது
யார் கணக்கும்மா?" என்றார்.
பதில் வரவில்லை. டீ ஆறிப்போனது.

பிளஸ் ஒன்னில், தண்டையார்பேட்டைப் பள்ளி லேபில்,
ஒரு நூல், ஒரு இரும்புக் குண்டு,
வேம்புலியின் கைக்கடிகாரம்:
தனி ஊசல் சோதனை.
கால்குலேட்டர் காட்டியதையெல்லாம் அப்படியே எழுதினேன்,
9.7832614.
சிவப்பு மையில் வட்டம் விழுந்தது:
கடைசி ஆறு இலக்கமும் யார் வீட்டுச் சொத்து?
வேம்புலி 9.8 என்று மட்டும் எழுதியிருந்தான்.
அவன் ஊசலை ஆட்டவே இல்லை,
பாடப்புத்தகத்தை ஆட்டினான்.
அவனுக்கு டிக்.

இந்தப் பக்கம் எல்லாமே ஒன்று டன், இல்லை மைக்ரோ.
நிலக்கரி டன்னில் போகிறது.
அதன் தூசி மைக்ரோகிராமில் திரும்பி வருகிறது,
நாற்சந்தி பலகையில் நேற்று 87, இன்று 112.
நடுவில், கிலோவில்
நாங்கள் இருக்கிறோம்.

லாரி வராத ஒரு ராத்திரி
செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறி நின்றேன்.
60.
ஹெல்த் சென்டர் தராசில் அன்று காலை 54.
ஒன்பதாம் மாதம், கால் வீங்கி,
கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.
ஹெல்த் சென்டரில் 66.
மேடையில் 60.
பொய் சொல்லவில்லை அது.
பன்னிரண்டு கிலோ அதற்கு ஒரு சமாசாரமே இல்லை.

ராயபுரம் ஆஸ்பத்திரியில்
துணி விரித்த சின்னத் தராசில் கிடத்தினார்கள்.
கைகால் உதறி, எண்கள் ஆடி, ஒரு நொடி நின்றன:
2.740.
நர்ஸ் 2.74 என்று எழுதினாள்.
"சிஸ்டர், அந்த சைபரையும் போடுங்க."
"சைபருக்கு என்னம்மா மதிப்பு?"
தையல் வலியோடு எப்படி விளக்குவது?
டன்னில் எழுதினால் 0.002740.
முன்னால் நிற்கும் மூன்றும்
எண்ணூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே போட்ட துண்டு,
இடம் பிடிக்க மட்டும்.
கடைசியில் நிற்பது அப்படியில்லை.
அந்தக் கிராம் வரைக்கும் ஒருவர் குனிந்து பார்த்தார்,
அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டார்
என்பதற்கு அது சாட்சி.
சொல்லவில்லை இதையெல்லாம்.
"போடுங்க சிஸ்டர்" என்றேன், அழுதுவிடுவேன் போல.
போட்டாள். கோழி முட்டை மாதிரி, கோணலாக.
பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு சுழி இருந்தது,
அதுவும் கோணல்தான்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தேன்.
வரிசையில் முதல் லாரி சுல்தான் அண்ணனுடையது.
"இருங்கண்ணே, ஒரு நிமிஷம்."
பிள்ளையைத் தோளில் போட்டு ஏறினேன்: 60.
இறங்கி, அவர் கையில் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு ஏறினேன்.
கண்ணாடிக்குள் எண்கள் குதித்தன,
யோசித்தன, அடங்கின.
60.
"என்ன காட்டுது?" என்றார்.
"ஒண்ணுமே மாறலண்ணே."
அவர் பிள்ளையை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.
"இன்னா கனம் கனக்குதும்மா இது."
பின்னால் ஒரு கன்டெய்னர் ஹாரன் அடித்தது.